வருங்கால மாமியாரும் நான்கு தண்ணீர்த் தட்டுகளும்

பயந்தால் எல்லோருக்கும் வேர்க்கும். எனக்கு வேர்க்குமே என்றுதான் பயம். உள்ளங்கையும் உள்ளங்காலும் சும்மா இருக்கும்போதே சொட்டும். பசுமலைப் பள்ளியில் நான் திருத்திய விடைத்தாள்களில் மதிப்பெண் கலைந்துபோய், பாஸா ஃபெயிலா என்று பிள்ளைகள் என்னிடமே வந்து கேட்பார்கள். (பாஸ் என்றே சொல்லிவிடுவேன்.)

கல்யாணம் நிச்சயமானதும் ஒரே கவலை. மணமேடையில் என் கையைப் பிடிக்கிற மாப்பிள்ளை துண்டைத் தேடினால்? அவர்கள் வீட்டில் இதைப் பற்றி நாங்கள் மூச்சே விடவில்லை. தோல் டாக்டரிடம் ஓடினேன். தண்ணீர்த் தட்டுகளில் கைகால்களை வைத்தால் லேசாகக் கரண்ட் விடும் மெஷின் ஒன்றை வாடகைக்குக் கொடுத்தார்கள். ரெகுலேட்டரைக் குறைக்காமல் கையை வெளியே எடுக்கக் கூடாது, சுரீரென்று அடிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

அன்று எங்கள் கோச்சடை வீட்டில், கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என நான்கு தட்டுகளுக்கு நடுவே நான். ரெகுலேட்டர் அம்மாவின் பொறுப்பு. அம்மாவோ, "அடுப்புல பால் பொங்குது, இந்தா வாரேன்" என்று உள்ளே போய்விட்டாள். சொல்லிவைத்தாற்போல் வாசலில் வருங்கால மாமியார், முகூர்த்தப் புடவைப் பையோடு!

"என்னத்தா, வீட்ல ஒருத்தரையும் காணோம்?"

நான் எழுந்திருக்கவில்லை. பல்லை மட்டும் காட்டினேன். அவர் கண்ணுக்கு, பியூட்டி பார்லரில் கைகாலை ஊறவைத்திருக்கும் மகாராணி மாதிரித் தெரிந்திருப்பேன்.

"பெரியவங்க வந்தா எந்திரிக்கிற பழக்கமெல்லாம் இல்லையோ?" அவர் முகம் சுண்டிவிட்டது.

கல்யாணம் நின்றது என்றே முடிவுகட்டினேன். மரியாதையையாவது காப்பாற்றுவோம் என்று, டாக்டர் சொன்னதை மறந்து, இரண்டு கையையும் தூக்கி ஒரு கும்பிடு போட்டேன் பாருங்கள். சுரீர்! நான் அலறிய அலறலில் ஒரு தட்டு கவிழ்ந்து, தண்ணீர் முழுக்க அவர் கீழே வைத்திருந்த புடவைப் பைக்குள் போய்விட்டது.

அம்மா ஓடிவந்து மெஷினை அணைத்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? "எனக்குக் கை வேர்க்கும் அத்தை, ரொம்ப வேர்க்கும்" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் என் ஈரக்கையைப் பிடித்துப் பார்த்தார். "வேர்வைதானா? இதுக்கா இம்புட்டுக் கூத்து? நாங்கூட எந்திரிக்கத் தெரியாத பிள்ளையோனு பயந்துட்டேன்" என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவிடம், "மதினி, இந்த மெஷினு முழங்கால் வலிக்குக் கேக்குமா?" என்றார்.

கல்யாணம் ஆயிற்று, கையும் இப்போது பரவாயில்லை. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் நான் சோபாவை விட்டு அசைவதில்லை. "அவ எந்திரிக்க மாட்டா, கரண்ட் ஓடுது" என்று அத்தையே சொல்லிவிடுவார். பெரிய மாமனார் வந்தாலும் உட்கார்ந்தபடியே "வாங்க" சொல்லும் மருமகள், புகுந்த ஊரான நாகமலை புதுக்கோட்டையிலேயே நான் ஒருத்திதான்.