ஐந்தாம் சரணத்தைத் தின்ற மீன் ரோல்ஸ்

பிளேஸ்டோ, லண்டன்
மார்கழி, சனிக்கிழமை

பேரன்புள்ள மேரிசாந்தி அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் வீட்டுக்காரியும் சுகம். உங்களுடைய முழங்கால் வலி குறைந்து, அத்தானின் சீனி வருத்தமும் அடங்கி, நத்தார்ப் பண்டிகை நல்லபடியாக நடக்கவேண்டும் என்று தினமும் செபிக்கிறோம். சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். உள்ளே வயிறு பத்தி எரிகிறது. நான் கரோல் குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

ஆதியிலிருந்து சொல்கிறேன். எங்கள் தமிழ்ச் சபையார் ஒவ்வொரு மார்கழியும் வீடு வீடாகக் கரோல் பாடப் போவது உங்களுக்குத் தெரியும். பாட்டுக்குழுத் தலைவி மெற்றில்டா, அதுதான் உங்களுடைய ஒழுங்கையில் இருக்கும் ரீச்சரம்மாவின் மகள், இந்த வருஷம் ஆவணியிலேயே என்னைக் கூப்பிட்டு, "அரியம் அண்ணை, இஞ்சத்தைப் பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாலை அதை எழுதின ஆளைப் பற்றி ரெண்டு வசனம் சொல்லுங்கோ" என்றா. கேட்டது அவ. அதை நன்றாக ஞாபகத்தில் வைத்திருங்கோ. நானும் பென்ஷன்காரன்தானே என்று நூலகமே கதியாகக் கிடந்தேன். அக்கா, நாங்கள் பாடுகிற கரோல்களில் முக்கால்வாசி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்களின் வேலை. சொல் ஒருவர், மெட்டு வேறொருவர், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதே இல்லை. ஒரு ஜெர்மன்காரர் அச்சுத்தொழில் விழா ஒன்றுக்கு மெட்டுப் போட்டுவிட்டு, இதற்கு வேதச் சொல் ஒருநாளும் ஒத்துவராது என்று எழுதியும் வைத்தார். ஆள் கண்ணை மூடினதும் அதை எடுத்துக் கரோலில் ஒட்டிவிட்டார்கள். இந்த அநியாயத்தைக் கேட்க யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றையும் எழுதி, மேலே "பத்தொன்பதாம் நூற்றாண்டின் கரோல் ஆசிரியர்கள்" என்று தலைப்பும் போட்டு மெற்றில்டாவிடம் கொடுத்தேன். கடைசியில் என் ஐந்தாம் சரணத்தை எழுதி, கீழே பெயரை மட்டும் போட்டேன். என் வாழ்க்கையை நானே எழுதினால் பெருமை அடிக்கிறேன் என்பார்கள்.

ஐந்தாம் சரணம் உங்களுக்குத் தெரியும், அந்த ஜெர்மன்காரர் மெட்டுக் கரோலின் நாலு சரணத்துக்கும் பின்னால் நான் சேர்த்தது. நான் பெற்றோல் ஸ்டேஷனில் நத்தார் இரவெல்லாம் ஷிப்ட் நின்ற காலத்தில் எழுதினது. மேய்ப்பர் எல்லோரும் பாலனைப் பார்க்கப் போனார்கள் என்றால் ஆட்டை யார் பார்த்தது? ஒருத்தன் நின்றிருப்பான்தானே!

எல்லாரும் போனார் பாலனைக் காண
ஆடுகள் காக்க நான் நின்றேன்

இது பாட்டுத்தாளில் எத்தனையோ வருஷமாக இருக்கிறது, என் பெயர் இல்லாமல். ஒரு வீட்டிலும் பாடினதில்லை. நாலாம் சரணம் முடியும்போது குசினியிலிருந்து ரோல்ஸ் வாசம் வரும். அதோடு கரோல் சரி. ஒரேயொரு தடவை அதை எல்லோரும் சேர்ந்து பாட நான் கேட்கவேண்டும் அக்கா. வேறொன்றும் வேண்டாம்.

வியாழக்கிழமை முதல் வீடு குலசேகரம் வீடு. சைவக்காரர், ஆனாலும் கரோலுக்குக் கதவு திறக்கிற மனிதர். ஒரு கரோலை எழுதினவர் காப்புறுதிக் கொம்பனி மனேஜர், நோய் வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்து எழுதினார் என்று நான் சொன்னதுதான் தாமதம், குலசேகரம் எழும்பி, "பாத்தியளோ, எங்கடை தொழில்காரர்! வருத்தம் வரமுந்தியே பொலிசி எடுத்து வைக்கவேணும்" என்று சோப்ரானோ முதல் பேஸ் வரை எல்லோருக்கும் கார்ட் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பாட்டுத் தொடங்கும்போது தேத்தண்ணீர் ஆறிப்போச்சு. அதற்கும் நான்தான் குற்றவாளியாம்.

அடுத்தது செவன் கிங்ஸில் ஷோபா வீடு. அங்கே ஜெர்மன்காரரின் கதையை முடித்து, பாட்டு நாலாம் சரணத்தைத் தாண்டும்போது மெற்றில்டா கையை மூடிவிட்டா. எல்லோரும் பேப்பர்த் தட்டோடு மீன் ரோல்ஸ் பக்கம் பாய்ந்துவிட்டார்கள். நான் விடவில்லை. தனியே ஐந்தாம் சரணத்தைப் பாடினேன். ஷோபா பாவம், தட்டை நீட்டிக்கொண்டு, "அங்கிள், பாடிப்போட்டுச் சாப்பிடுறியளோ, சாப்பிட்டிட்டுப் பாடுறியளோ?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய் கூடிப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன். ரோலை அப்போது கடித்திருக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, எங்களை ஏற்றிப்போன வான் வண்டி அடுத்த வீட்டு வாசலில் நின்றதும் மெற்றில்டா என்ன செய்தா தெரியுமோ? "அண்ணை, கதை காணும், நிப்பாட்டுங்கோ. அங்கை பார்க்கிங் சரியான கரைச்சல். நீங்கள் வானுக்குள்ளை இருந்து பாத்துக்கொள்ளுங்கோ." என்னை! வானுக்குள்! ஆட்டுக்குக் காவல் நின்றவனைப் பற்றி எழுதினவனையே வானுக்குக் காவல் வைத்தா. உள்ளே பாடுவது கேட்டது. நாலோடு நிறுத்தினார்கள். கடைசியில் ஒரு பட்டிஸை ரிஷ்யூவில் சுற்றி ஜன்னலால் நீட்டினார்கள், அதுவும் மரக்கறி.

ஆகையால் அக்கா, நான் இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். நாளைக்குக் கரோல் ஆராதனைக்கும் போகமாட்டேன். நீங்கள் ரீச்சரம்மா வீட்டுக்கு நேரே போய், "உங்கடை மகள் என்ரை தம்பியை என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா?" என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. பிறக்கும் பாலன் உங்கள் வீட்டைச் சமாதானத்தால் நிரப்பட்டும். என் வீட்டில் இப்போதைக்கு அது இல்லை.

உங்கள் பாசமுள்ள தம்பி,
ச. அரியரட்ணம்

பி.கு.: ரீச்சரம்மா வீட்டுக்குப் போகவேண்டாம். போனாலும் கேக் கொண்டுபோங்கோ. உறையை ஒட்டப் போகும்போது மெற்றில்டாவின் புது மருமகன் லக்‌ஷன் நாளைய பாட்டுத்தாளைக் கொண்டுவந்து தந்தான். என் குறிப்பை வைத்து அவன்தான் ரைப் பண்ணினானாம். என்னை அவனுக்கு "வான் அங்கிள்" என்றுதான் தெரியும். ஐந்தாம் சரணத்தின் கீழே இப்படிப் போட்டிருக்கிறான்: "ச. அரியரட்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டு. வாழ்க்கைக் குறிப்பு கிடைக்கவில்லை." நான் வாய் திறக்கமுதல் அவனே சொன்னான்: "அங்கிள், பழைய ஆக்களின்ரை பாட்டிலை ஒரு சரணமும் விடக்கூடாதெண்டு பாஸ்டர் சொல்லிப்போட்டார். நாளைக்கு அஞ்சும் பாடுறம்." வீட்டுக்காரி துள்ளுகிறா: "உடனை போன் எடுத்து, நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டு சொல்லுங்கோ!" சொல்லத்தான் வேண்டும். நாளைக்குப் பாடி முடியட்டும், சொல்கிறேன்.