வரிசையில் காத்திருந்த மரணச் செய்தி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊர் ரெம்பியாவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த மாணிக்கம் மாமாவைக் கொன்றது நான்தான். ஆயுதம், ஒரு மெயில் சர்வர்.

மாமா பழைய லாரி டிரைவர், எங்கள் மரண சகாயச் சங்கத்தின் தலைவர். யாராவது இறந்தால் சங்கம் கைப்பேசிக் குழுவில் சேதி போடும். அது காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு நடுவே காணாமல் போகும். இலவச மெயிலில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்த்தோம், கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

"சொந்தமா சர்வர் வச்சுக்கலாம் மாமா. ஓப்பன் சோர்ஸ், நானே போட்டுத் தர்றேன்" என்றேன். (வீடியோ பார்த்துக் கற்றவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.)

மாப்பிள்ளை பார்ப்பதுபோல் இரண்டு வாரம் மென்பொருள் பார்த்தேன். ஒன்றுக்குக் குடும்பம் பெரிது, எங்கள் பழைய கம்ப்யூட்டர் தாங்காது. இன்னொன்றை எழுதியவர்களே கைவிட்டுப் பல வருடம். மூன்றாவது அடக்கமானது; நிச்சயம் செய்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்க ஒரு மரண அறிவிப்பு வேண்டும். யார் பெயரைப் போடுவது?

"என் பேரையே போடும்மா. பைபாஸ் ஆபரேஷன்ல ஒருதடவை போய்ட்டு வந்தவன்தானே" என்றார் மாமா.

அவருடைய உறுப்பினர் படிவத்தில் 'தகவல் சொல்ல வேண்டியவர்' என்றிருந்த முகவரிக்கு, யாரென்று படிக்காமலே அனுப்பினேன். போகவில்லை. அப்புறம்தான் கவனித்தேன்: அது செர்காம் ஊரில் இருக்கும் அவர் தம்பி ராஜு. மகள் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பூலத்தட்டோடு கொண்டுபோகாமல் மாமா கைப்பேசியில் அனுப்பிவிட்டார் என்று, ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. படிவத்தில் தம்பி பெயரை மட்டும் மாமா அடிக்கவேயில்லை. நல்லவேளை, போகவில்லையே என்று மூச்சு விட்டேன்.

போக முடியாத மெயிலை அந்த மென்பொருள் தூக்கி எறியாது. வரிசையில் நிறுத்தி வைத்து, வழி திறந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்கும். இதைச் சொல்லித்தந்த வீடியோவை நான் பாதியில் நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் சங்கத்தின் செர்காம் கிளைக்காக எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டினேன், அந்த வரிசையையும் சேர்த்து. எங்கள் இணைப்பில் மூடியிருந்த வாசல் அங்கே திறந்திருந்தது. நேரில் போய் நிறுவியதும் கைதட்டினார்கள், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடித்து முடிப்பதற்குள் மாமா இறந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை மாமா வீட்டு வாசலில் நின்று என் சாதனையை விவரித்துக்கொண்டிருந்தேன். மாமா கைலியோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ராஜு மாமா. கையில் மாலை. முகம் அழுது வீங்கியிருந்தது.

"யாருடா செத்தது?" என்றார் மாமா.

"நீதாண்ணே."

"யாரு சொன்னா?"

"சங்கத்துலருந்து மெயில் வந்துச்சு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். (பூமி பிளக்கும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பிளக்கவில்லை.)

"கல்யாணத்துக்கு ஹேண்ட்போன்ல கூப்பிட்டேன்னு வராதவன், சாவுக்கு மெயில் பாத்து வந்துட்டியே லா!"

"சாவுக்கு யாருண்ணே கூப்பிடுவா? சேதி தெரிஞ்சா போதும்." என்றார் ராஜு மாமா. "செர்காம்லருந்து அழுதுக்கிட்டே ஓட்டிட்டு வந்தேன். விளையாட்டா உங்களுக்கெல்லாம்?"

மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டுக் காரை நோக்கித் திரும்பினார்.

மாமா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். கேட்டைத் திறந்து ரோட்டில் இறங்கி, தம்பிக்கு முன்னால் போய் நின்றார்.

"வாடா உள்ள. நேர்ல வந்து கூப்பிடுறேன்."

ராஜு மாமா உள்ளே போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, நான்தான் அடைத்தேன். (அந்த வாரம் நான் செய்த ஒரே உருப்படியான வேலை.)

வரிசையைக் காலி செய்துவிட்டுப் பொட்டலத்தைப் புதிதாகக் கட்டினேன். ஆனாலும் சங்கத்திலிருந்து மெயில் வந்தால் இரண்டு வீட்டிலிருந்தும் எனக்கு இன்றுவரை போன் வரும்: "ஏம்மா, நிஜமா, டெஸ்டா?"

போன வருடம் மாமா உண்மையிலேயே போய்விட்டார். எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். ஒரு முகவரியை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டு, செர்காமுக்குக் கிளம்பினேன்.

கேட்டருகே என்னைப் பார்த்ததும் ராஜு மாமா வெளியே இறங்கி வந்தார்.

"நேர்லயே வந்துட்டியாம்மா" என்றார். "அப்ப நிஜந்தான்."