குடைக்காரரிடம் சொன்னது

என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஓர் ஆண்பிள்ளையிடம் மனசைத் திறந்து பேசியிருக்கிறேன். அவர் என் வீட்டுக்காரர் இல்லை. (பதறாதீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.)

எழுபதுகளின் கடைசி அது. கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில் ஒரு மரக்கடையில் குமாஸ்தா. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு மரத்தடியை லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலை. கல்யாணம் முடிந்து பதினொரு நாள் வீட்டில் இருந்தார். அதில் நாலு நாள் விருந்து, இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல். மீதி நாட்களில் நான் தலையைக் குனிந்துகொண்டே திரிந்ததால் அவருடைய கால்விரல்களை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஐந்து மாதம் கடிதம்தான். வருகிற கடிதம் முதலில் என் மாமனார் கைக்குப் போகும். அவர் வாசலில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி படிப்பார். அது இவருக்கும் தெரியும். அதனால், "இங்கு நல்ல மழை. அங்கு மழை உண்டா?" என்று எழுதுவார். நான், "இங்கு மழை இல்லை. மற்றபடி நலம்" என்று எழுதுவேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் இப்படி வானிலை அறிக்கை அனுப்பிக்கொண்டது எங்கள் ஒன்றியத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

ஐந்தாம் மாதம் ஒரு கடிதத்தில், அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று தன் அப்பாவுக்கு எழுதியிருந்தார். ஆற்றின் மேல் வெள்ளைக்காரன் காலத்துத் தொங்குபாலம் இருக்கிறது, பஸ் லாரி போகப் பக்கத்தில் வேறு பாலம் போட்டுவிட்டதால் இதில் ஆட்கள் மட்டும் நடக்கிறார்கள், அதன் அந்தக் கரையில் நான் நிற்பேன், பாலம் கொஞ்சம் ஆடும், பயப்பட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். நான் பருத்தி எடுக்கப் போன இடத்தில் எல்லோரிடமும் சொன்னேன், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கிணற்றுக் கமலைமேட்டு விளிம்பில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவளுக்குப் பாலம் எம்மாத்திரம் என்று. (நான் கமலைமேட்டில் கண்ணைத் திறந்துகொண்டும் நடந்ததில்லை.)

சங்கரன்கோவிலில் ரயில் ஏறினோம். மலைக்குகைக்குள் ரயில் நுழைந்தபோது மாமனார் முருகா முருகா என்றார். நான் அசையவில்லை. எனக்கு வேறு நினைப்பு. இறங்கியதும் வீட்டுக்காரரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பாலத்தின் இரண்டு பக்கமும் கோட்டைவாசல் மாதிரி கல்வளைவு. நடுவில் சங்கிலியில் தொங்குகிற பலகை வழி. அந்தக் கோடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உருவம் நின்றது. மாமனார் டீக்கடையைப் பார்த்துவிட்டார் போல, விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார்.

பாதிப் பாலம் வரை நானும் ராணி மாதிரிதான் நடந்தேன். அங்கே பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அரை மைல் நடந்து ஒரு குடம் தண்ணீர் தூக்குகிற ஊர்க்காரி நான். அத்தனை தண்ணீர் ஒரே இடத்தில், யாரும் எடுக்காமல், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் நிற்பது போலவும் நான் ஓடுவது போலவும் இருந்தது. கையிலிருந்த பை நழுவி, ஒரு படி கடலைமிட்டாய் ஆற்றோடு போயிற்று. நான் பலகையிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கை என் கையைத் தொட்டது. அவர்தான் ஓடி வந்துவிட்டார் என்று அப்படியே பிடித்துக்கொண்டு எழுந்தேன். கண்ணைத் திறக்கவில்லை. நடக்க நடக்க, சேர்த்து வைத்ததெல்லாம் தானாக வாயில் வந்துவிட்டது. நிறுத்தாமல் பேசினேன். எனக்கே ஆச்சரியம், முகத்தைப் பார்க்காமல் பேசுவது இவ்வளவு சுலபமா? பதிலுக்கு அவர், "சரி, சரி" என்றார். எங்கள் வீட்டுக்காரரும் அதற்கு மேல் பேசுகிறவர் இல்லை என்பதால் சந்தேகமே வரவில்லை.

காலில் மண் தட்டியதும் கண்ணைத் திறந்தேன். எதிரே ஐம்பது வயதில் ஒரு மலையாளத்துக்காரர், கக்கத்தில் கறுப்புக் குடை. நான் நின்றது நாங்கள் புறப்பட்ட அதே கரை. அவர் எதிர்க்கரையிலிருந்து வந்துகொண்டிருந்த வழியிலேயே என்னையும் கூட்டி வந்துவிட்டார். அக்கரையில் என் வீட்டுக்காரரும் மாமனாரும், தங்கள் வீட்டுப் பெண் வேற்று ஆள் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி கல்லாக நின்றிருந்தார்கள்.

இவர் பாலத்தில் ஓடி வந்தார். (அந்த ஓட்டத்துக்குப் பாலம் ஆடிய ஆட்டத்தில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.) அடிதான் விழும் என்று நினைத்தேன். குடைக்காரர் முந்திக்கொண்டு, நல்ல செங்கோட்டைத் தமிழில் பேசினார். வியாபாரத்துக்கு இருபது வருஷமாக அங்கே போய் வருகிறவராம்.

"தம்பி, கோவிக்காதீங்க. நடுப்பாலத்துல நான் வேற ஆளுன்னு சொன்னா, பயந்து கைய விட்டுரும். அதான் பேசாம வந்தேன். இந்தப் பிள்ளை நெறையப் பேசிச்சு. அதெல்லாம் உங்களுக்கு உள்ளது. என்கிட்ட இருக்கக் கூடாது. கேட்டு வாங்கிக்கோங்க."

சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்த ஆறே தேவலை என்று இருந்தது. அத்தனையும் அவருக்குப் புரிந்திருக்கிறது.

மறுபடி பாலத்தைக் கடந்தோம். இவர் என் கையைப் பிடித்திருந்தார். நடுவில் நின்று கேட்டார்.

"அவருகிட்ட என்னட்டி சொன்ன?"

"ஒண்ணுமில்ல. பாலம் ஆடுதுன்னு சொன்னேன்."

ஒரு வாரமும் கேட்டார். நானும் பாலம் ஆடியதையே சொன்னேன். முகத்தைப் பார்த்ததும் ஒரு சொல்கூட வரவில்லை. எட்டாம் நாள் மாமனாரோடு ஊருக்குத் திரும்பினேன். மாமனார் என் மாமியாரிடம், "பாதிப் பாலம் வரைக்கும் நம்ம மருமகளாத்தான் வந்தா" என்று ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இவருக்குக் கோவில்பட்டியில் வேலை கிடைத்து நாங்கள் ஒரே வீட்டில் குடியிருக்க மேலும் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் கேட்பதை நிறுத்தவே இல்லை. நான் கோபத்தில் பேசாமல் இருந்தால், மழையே இல்லாத எங்கள் ஊரில் ஒரு கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பார், "இப்பச் சொல்லு" என்று. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். வீட்டுக்குப் புதிதாக வருகிற மருமகள், மருமகன் எல்லோருக்கும் முதல் விருந்தில் இந்தக் கதையை அவர் வாயால் சொல்லியாக வேண்டும். கடைசியில் என்னைப் பார்த்து, மிச்சத்தை அவதான் சொல்லணும் என்பார். நான் ரசம் எடுத்துவரப் போய்விடுவேன்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் பேத்தி கல்யாணம். விருந்தில் கதையை மகன் சொன்னான். அதே இடத்தில் நிறுத்தினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். "தெனமும் வெளக்கு வைக்கும்போது ஒங்க மொகத்த நெனச்சுப் பாக்கேன். மூக்கு வருது, கண்ணு வரமாட்டேங்கு. இன்னும் ஒரு மாசம் விட்டா மூக்கும் போயிரும். என்னைய ஊருக்கு அனுப்பாதீங்க. ஒங்ககூட இங்கனயே வச்சுக்கோங்க."

"அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பா வச்சுக்கிட்டிருப்பாரேம்மா" என்றான் மகன். தெரியும், என்றேன்.

புது மாப்பிள்ளைதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்பத் தாத்தா மொகம் ஞாபகம் இருக்கா ஆச்சி?"

"மூக்கு இருக்கு" என்றேன்.