மாத்ருபூதத்துக்குக் கோதுமை ஆகாது

ராத்திரிச் சப்பாத்தியை வீட்டை விட்டே துரத்துவது என்று மாத்ருபூதம் முடிவு கட்டிவிட்டார். பொன்மலை ரயில்வே பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவருக்கு, மனைவி பானுவின் சப்பாத்தியோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. அவர் தொந்தியைக் கரைக்க அவள் கண்டுபிடித்த மருந்து அது. அதில் எண்ணெய் படாது, நெய் படாது. சில நாள் பல்லும் படாது.

வழி காட்டியது செல்போன். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று உண்டாம், சிலருக்கு அது ஆகவே ஆகாதாம். அந்தச் சிலரில் தானும் ஒருவர் என்று மாத்ருபூதம் அந்த நிமிஷமே தீர்மானித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

"பானு, எனக்குக் குளூட்டன் ஒத்துக்கல."

"எத்தனை டன்?"

"டன் இல்ல பானு. கோதுமையில இருக்கிற ஒரு சமாச்சாரம்."

பானு எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை நாளாக இந்த அவஸ்தையோ என்று உச்சுக் கொட்டிவிட்டு, வயிற்றுக்கு ஆகிறதாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் வேறு யாருக்கும் சந்தேகம் வரும். மாத்ருபூதத்துக்குப் பசிதான் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் அவர் தெரு முனையிலேயே பரக்கத் அலி புதுக் கடை போட்டிருந்தார். 'கோதுமை கலக்காத ஐஸ்கிரீம், பலகாரம்' என்று போர்டு. ஐஸ்கிரீமில் பிஸ்கட் தூள் சேர்ப்பதில்லை, முறுக்கில் பெருங்காயம்கூடப் போடுவதில்லை, கடைப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்றெல்லாம் அவர் விளக்க, மாத்ருபூதம் நோயாளி முகத்தோடு தலையாட்டினார். முறுக்கு, தட்டை, ஒரு பெரிய டப்பா பலாப்பழ ஐஸ்கிரீம் எல்லாம் வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை நடை நடந்து வீடு திரும்பினார். பெருங்காய விஷயத்தைப் பானுவுக்கே பாடமும் எடுத்தார்.

பானு பொறுமையாகக் கேட்டாள். "நானும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேங்க. ரத்தம் எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமாம்."

"பார்த்துட்டாப் போச்சு," என்று அவர் டப்பா மூடியில் கை வைத்தார்.

"ஆனா கோதுமையை நிறுத்திட்டா டெஸ்ட்ல ஒண்ணும் தெரியாதாம். ரத்தம் எடுக்கிற வரைக்கும் தினம் சாப்பிட்டே ஆகணுமாம், சில வாரத்துக்கு. அதனால இனிமே காலையிலயும் சப்பாத்திதான்."

மாத்ருபூதம் யோசித்துப் பார்த்தார். பொய் என்று ஒத்துக்கொண்டால் ராத்திரி மட்டும் சப்பாத்தி, ஆனால் மானம் போய்விடும். நிஜம் என்று சாதித்தால் மானம் நிற்கும், இரண்டு வேளையும் சப்பாத்தி. அவர் மானஸ்தர். டப்பா மூடியிலிருந்து கையை எடுத்தார்.

தட்டில் சப்பாத்தி வந்து விழுந்தது. பானு எதிரே உட்கார்ந்து, ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து ஸ்பூனை இறக்கினாள். பலாப்பழ வாசனை ஹாலெல்லாம் பரவியது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அதுல எனக்கும் கொஞ்சம் குடேன்."

"இதுல கோதுமை இல்லையேங்க," என்றாள் பானு.