குடம் வைத்தால் கையெழுத்து

பண்பாட்டு ஆலோசகர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? கார்ட்டூன் படமோ படக்கதைப் புத்தகமோ தயாராகும் இடங்களில் தென்படும். வரைந்த ஊரும் ஆட்களும் நிஜம்போல இருக்கிறார்களா என்று பார்ப்பது அதன் வேலை. கூப்பிட்டால்தான் வரும். வந்தபின் போகாது.

எங்கள் அலுவலகத்தில் இருப்பவருக்கு ‘அச்சு அசல்’ என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. எந்தப் படத்தைக் காட்டினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிவப்புப் பேனாவைத் திறந்து, “அச்சு அசலா அந்தப் பக்கத்து ஆளாட்டம் இருக்கணும்மா” என்பார். அந்தப் பக்கம் என்றால் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊர்கள். அங்கே வானம் எந்நேரமும் ஆரஞ்சு நிறம், சுவர் என்றால் காரை பெயர்ந்திருக்க வேண்டும், கிழவர் என்றால் பொக்கை வாயால் சிரிக்க வேண்டும், தெரு என்றால் ஓர் ஆடாவது குறுக்கே போக வேண்டும். பல் ஆஸ்பத்திரி, ஜெராக்ஸ் கடை எல்லாம் மூச்! இதற்கு ஆதாரம்? முன்பு வந்த ஒரு கார்ட்டூன் படம். அந்தப் படத்துக்கு ஆலோசகர் யார்? இவரேதான்.

அக்கரைக்குப் போயிருக்கிறாரா? போயிருக்கிறார். ரயிலில். தூங்கிக்கொண்டே.

எங்கள் ஓவியர் அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். நான்கு வருடம் பாடுபட்டுத் தன் தெருவைப் பற்றி முதல் படக்கதையை வரைந்து முடித்தாள். மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அச்சு அசல் கையெழுத்துப் போடாமல் போகாது. அவரோ பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அதில் கதாநாயகியின் அம்மா ஸ்டூல்மேல் ஏறி, ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, சீலிங் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது? அந்தப் பக்கத்து அம்மா இப்படியா இருப்பாங்க?”

“சார், இது எங்க அம்மா.”

“உங்க அம்மாவாவே இருக்கட்டும்மா. அந்தப் பக்கத்து அம்மா மாதிரி இல்லையே!”

“அவங்க அங்கதான் சார் இருக்காங்க. புத்தகத்துல நான் வரப்போறேன்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்காங்க.”

“சொல்லட்டும். இடுப்புல ஒரு குடம் வைங்க. கண்ணைக் கொஞ்சம் பெருசா, சோகமா போடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

அவள் அம்மாவின் போட்டோவைக் காட்டினாள். உற்றுப் பார்த்துவிட்டு, “விதிவிலக்கு” என்றார். அவர் கணக்கில் அக்கரையில் குடியிருக்கும் அத்தனை பேருமே விதிவிலக்குதான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன செய்தேன்? அவருக்கு டீ வரவழைத்தேன். மணி ஐந்தானது. குடம் வந்தது, கண் பெரிதானது, கையெழுத்து விழுந்தது.

புத்தகம் வெளிவந்த அன்று அம்மாவே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார்.

“ஏண்டி, இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு எந்தக் கையால ஃபேனைக் கழட்டுறது?”

எல்லாரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரி, நான் எங்கடி?” என்று கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அச்சு அசலை நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருக்கிறதா? கேளுங்கள், நானும் கூட வருகிறேன். அதற்குமுன் ஒரு சின்ன விஷயம். ஸ்டூல்மேல் ஏறிய அந்த அம்மா என்ன உடுத்தியிருந்தார், தலைமுடி எப்படி இருந்தது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களாகவே ஒரு சேலையைச் சுற்றி, கொண்டையும் போட்டுவிட்டீர்களே, யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?