சக்கர நாற்காலிக்கு எல்லா வசதியும் உண்டு

வாசகரே, ‘எல்லாம் பண்ணியாச்சு’ என்றொரு இனம் உலகெங்கும் பரவியிருக்கிறது. பிறருக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களைக் கேட்காமலே கண்டுபிடித்துச் செய்து முடித்துவிடும் புண்ணியவான்கள். இவர்களில் சிறந்த ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். மாடியில் தான் குடியிருந்துகொண்டு, கீழ்வீட்டை இரண்டு நாள், மூன்று நாள் என்று வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்.

‘சக்கர நாற்காலிக்கு ஏற்ற வீடு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால் இணையப் பட்டியலில் தன் வீடு மேலே ஏறும் என்று ஒருநாள் தெரிந்துகொண்டார். முதலில் டிக் அடித்தார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

வாசலில் மூன்று படிகளுக்கு மேல் ஒரு சாய்தளம் எழுந்தது. சறுக்குமரத்துக்கு அண்ணன். அதில் வழவழவென்று டைல்ஸ், இரண்டு ஓரமும் அழகுக்குப் பூந்தொட்டி, தொட்டிகளுக்கு நடுவே போனால் போகிறதென்று கொஞ்சம் வழி. கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அது துண்டு போடுகிற கம்பி என்று கொத்தனார் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

“கம்பின்னா கம்பிதான்யா. பிடிச்சா கையில வருதா இல்லையா?”

“கையோட வந்துரும் சார், அதான் பயமா இருக்கு.”

“இந்த நாற்காலியில வர்றவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று நானும் வாயைக் கொடுத்தேன். “அவங்களுக்கு ஏன் சார் வீண் சிரமம்!” என்றார். என்ன கருணை!

ஒரு சாயங்காலம் டிக்கை நம்பி ஒரு பெண் வழக்கறிஞர் வந்து இறங்கினார். தனியாக. மறுநாள் காலை பத்து மணிக்கு நீதிமன்றத்தில் அவருடைய வாதம். நம்மவர் வரவேற்றார். அவரை அல்ல, கார் டிரைவரை. “அவங்க ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாங்க?”

“என்னையே கேளுங்க சார். எனக்குத்தான் பசி,” என்றார் வழக்கறிஞர்.

பூந்தொட்டிகளை அகற்றி, நானும் டிரைவரும் மூச்சு வாங்கத் தள்ளி, நாற்காலியை உள்ளே சேர்த்தோம். அது நேரே கழிப்பறைக்குப் போய், வாசலில் நின்றுவிட்டது. கதவு திறந்திருந்தும் இரண்டு விரல் இடம் போதவில்லை. குளிக்கவோ கழிப்பறைக்கோ பிறர் தூக்கிக்கொண்டு போக அவர் சம்மதிக்கிறவர் இல்லை. அந்த நேரத்தில் வேறு வீடு தேடவும் வழியில்லை. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“ரெண்டு விரல்தானேம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?” என்றார் நம்மவர்.

வழக்கறிஞர் நாற்காலியைக் கட்டிலோரம் உருட்டிக்கொண்டு போனார். கையை ஊன்றிக் கட்டிலுக்கு மாறினார். நாற்காலியைக் காட்டினார். “நீங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. கால் தரையில படக்கூடாது.”

நம்மவர் ராஜா மாதிரி உட்கார்ந்தார். முதல் முயற்சியில் விரல் முட்டி தேய்ந்தது. இரண்டாவதில் முழங்கை. மூன்றாவதில் நாற்காலி நிலைச்சட்டத்தில் வசமாகச் சிக்கிக்கொள்ள, மாடியை நோக்கி மனைவியைக் கூவினார். அந்த அம்மாள் இறங்கி வந்து பார்த்தார்.

“இவரு ஏன் வழியை அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு?”

“வீடு வசதியா இருக்கான்னு பாக்கறாரு மேடம்,” என்றார் வழக்கறிஞர்.

அதன் பிறகுதான் நம்மவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்: “இப்ப என்னம்மா செய்யணும்?”

“கதவைக் கழட்டிட்டு ஒரு திரை போடுங்க. போதும்.”

தச்சர் வந்து கீலைக் கழற்ற அரை மணி நேரம் ஆகவில்லை. கதவு அடைத்திருந்த இரண்டு விரல் இடம் கிடைத்தது. வழக்கறிஞர் தானே உருட்டிக்கொண்டு போய், தானே திரையை இழுத்து மூடிக்கொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

இப்போது நம்மவர் கையில் அளவு டேப்போடு தெருவில் வீடு வீடாகப் புகுந்து புறப்படுகிறார். நேற்று என் வீட்டுக்கும் வந்தார். இருபது வருஷமாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பவனின் குளியலறை வாசலில் நான்கு விரல் குறைகிறது!

உங்கள் வீட்டில் எவ்வளவு? தெரியாதா? பரவாயில்லை, இப்போதே அளந்துவிட்டு வாருங்கள். ஆனால் எழுந்திருக்காமல் போக வேண்டும்.