குதிருக்குள் கழுவிய படம்

வெளிச்சத்தைப் படம் பிடிக்கக் கிளம்பி, இருட்டோடு குடித்தனம் நடத்தின மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் எதிர்வீட்டு இருட்டு மாமா ஒருத்தர்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. பெண்டாட்டி அதைச் சொல்ல மாட்டாள்; ஊர் மறந்தேவிட்டது.

பொன்னமராவதிப் பக்கம் எங்கள் ஊர். நான் அப்போது பாவாடை கட்டின சிறுமி. மாமா புதுக்கோட்டை டவுனுக்குப் போய் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் வேலை கேட்டார்.

"கண்ணாடித் தகட்டுலதாய்யா படம் விழும். வெளிச்சம் படாம அதை மருந்துத் தண்ணியில கழுவணும். மொதல்ல இருட்டுல ஒங் கை பழகட்டும். நானே வந்து பாக்குறேன்" என்று அனுப்பிவிட்டார் அவர்.

வேறு ஆளாக இருந்தால் பொழுது சாயட்டும் என்று இருந்திருப்பான். மாமா பட்டப்பகலிலேயே கண்ணைக் கட்டிக்கொண்டார்! கட்டின கண்ணோடு சவரம் செய்தார், பாதி மீசை போனது. மீதியை எடுக்க மனசு வராமல் அப்படியே சந்தைக்குப் போய் வந்தார். கட்டின கண்ணோடு பால் கறக்க உட்கார்ந்தார். மாட்டுக்கும் அவருக்கும் நடந்ததை இங்கே சொல்லக்கூடாது.

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் கத்தினார்: "யோவ், அது என் எலைய்யா!"

"கோவிச்சுக்காதீங்க. இருட்டுல எல்லா எலையும் ஒண்ணுதான்" என்று வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார் மாமா.

தகட்டுக்குப் பதிலாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிலேட்டைப் பிடுங்கித் தண்ணீரில் ஆட்டி ஆட்டிப் பழகினார். நான் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள், என்னிடம் பிடுங்க ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஸ்டுடியோக்காரர் படம் பிடிக்கிற பெட்டியும் முக்காலியுமாக வந்தே விட்டார். "ஒரே ஒரு தகடுதான். நீயே எடு, நீயே கழுவு. வெளிச்சம் பட்டுச்சுன்னா, அப்புறம் வெவசாயத்தைப் பாரு."

தெருச் சனத்தையெல்லாம் நிறுத்தி மாமா படம் எடுத்தார். கழுவ இருட்டறை? அதுதான் நெல் போட்டு வைக்கிற குதிர் இருக்கிறதே! ஆள் உயர மண் குதிர், அப்போது காலியாகக் கிடந்தது. தகட்டோடும் மருந்துத் தட்டுகளோடும் உள்ளே இறங்கினார். மேலே மூடி, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் மாமாவின் பெண்டாட்டி, எங்கள் அத்தை. நல்ல உடம்புக்காரி. ஊசி நுழையாது, வெளிச்சம் எங்கே நுழையும்?

திடீரென்று உள்ளேயிருந்து, "ஐயோ ஆத்தே, தேளு!"

மாமாவைப் பெற்ற ஆத்தா மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "எறங்குடி கீழ! எம் புள்ள சாகுறான்!"

"தொறந்தீங்கன்னா எம் பொழப்பே போச்சு!" என்று குதிர் அலறியது.

அத்தையின் கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டுகிறது, ஆள் மட்டும் அசையவில்லை. "அவுக தொறக்கச் சொல்லலீங்களே!"

ஸ்டுடியோக்காரரே குதிர்ப் பக்கம் ஓடி வந்தார். "அம்மா, தகடு போனாப் போகுது, எறங்குங்க."

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு வேலை இல்லேங்கப் போறவரும் நீங்கதானே?"

உள்ளே மருந்தில் தகட்டை ஆட்டுகிற கணக்கு நிற்கவே இல்லை. "ஒண்ணு... ஐயோ... ரெண்டு... அடி ஆத்தாடி... மூணு..."

கடைசியில், "தொறடி!"

அத்தை குதித்த வேகத்தில் மூடி உருண்டு ஓடியது. தலையெல்லாம் தூசு, கால் பூசணிக்காயாக வீங்கியிருக்க, தட்டை இரண்டு கையாலும் தீர்த்தம் மாதிரி ஏந்திக்கொண்டு மாமா எழும்பினார். ஒருத்தி காலில் சுண்ணாம்பு தடவ ஓடினாள். அவர் காலைப் பார்க்கவில்லை. ஸ்டுடியோக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"கால் வத்துனதும் வந்து வேலையில சேந்துக்க. அந்த அம்மாவையும் கூட்டியா. இருட்டறைக் கதவுக்கு அப்பிடி ஒரு ஆள் எனக்கு வேணும்."

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. தெருவே சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரே பக்கம் பார்க்கிறோம். அந்தப் பக்கம்தான், பெட்டிக்குப் பின்னால், பாதி மீசையோடு மாமா நிற்கிறார்.